செம்புக் கீற்று

கைபேசியை அவன் நீட்டியபடியே நின்றான். ரெஜினா அதைக் கையில் வாங்காமல் பார்த்தாள்.

படத்தில் ஒரு பெண். முகம் தெரியவில்லை. சமையல்மேடைப் பக்கம் திரும்பிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யாரோ படம் எடுப்பது தெரியாத முதுகு.

முதுகை மூடி அவிழ்ந்து கிடந்தது கூந்தல். பழுப்பும் கருஞ்சிவப்பும் கலந்த நிறம். இடது காதோரம் மட்டும், விரல் அகலத்துக்கு, செம்பு நிறத்தில் ஒரு கீற்று.

"இதே கலர் வரணுங்க," என்றான். "அந்தக் கீத்து மட்டும் வேண்டாம்."

பார்லர் நாற்காலியில் அவன் மனைவி. சிந்துஜா என்று பெயர் சொல்லியிருந்தாள். புதுத்தாலி, மஞ்சள் மங்காத கயிறு. எதிரே அத்தனை பெரிய கண்ணாடி இருந்தும் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா திரைக்கு இன்னும் அருகே குனிந்தாள்.

அந்த நிறம் எந்தக் கம்பெனிக் குழாயிலும் வருவதில்லை. அவள் கலந்தது. ஒரே ஒருத்திக்காக.

கோகிலவாணி.

ரெஜினா முன்பு சாயிபாபா காலனியில் ஒரு சின்ன பார்லரில் இருந்தாள். கோகிலவாணி அங்கே மாதம் தவறாமல் வருவாள். அவள் முடிக்கு எந்தச் சாயமும் ஆரஞ்சாகத் திரும்பிவிடும். துளி நீலம் சேர்த்து அதை அடக்க வேண்டும். எவ்வளவு என்பது ரெஜினாவின் கைக்குத்தான் தெரியும். இந்தக் கலர் வீட்டுக்காரர் விருப்பம் என்பாள். அந்த வீட்டுக்காரரை ரெஜினா பார்த்ததே இல்லை.

காதோரம் பிறவியிலேயே வெளுத்த ஒரு கற்றை அவளுக்கு. ஒவ்வொரு முறையும் மறைக்கச் சொல்வாள்.

கடைசியாக வந்த அன்று சொல்லவில்லை.

"இதுக்கு மட்டும் எனக்குப் பிடிச்ச கலர்," என்று கலர் அட்டையில் செம்பு நிறத்தைத் தொட்டுக் காட்டினாள். முடிந்ததும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டோ ஏறிப் போனாள்.

மறுநாள் போலீஸ் வந்தது.

பார்லருக்குக் கிளம்பியவள் வீடு திரும்பவே இல்லை என்று புருஷன் எழுதிக் கொடுத்திருந்தான். தேடினார்கள். கிடைக்கவில்லை. யாரோடோ போய்விட்டாள் என்று தெரு பேசி முடித்தது.

வீடு திரும்பவே இல்லை.

ரெஜினா மறுபடி படத்தைப் பார்த்தாள். சமையல்மேடை. கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள். செம்புக் கீற்று.

"யாருங்க இது?"

தன் குரல் அத்தனை சாதாரணமாக வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"நெட்ல எடுத்ததுங்க."

"எனக்கு அனுப்பிடுங்க. பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் கலக்க வரும்."

அவன் கட்டைவிரல் திரைமேல் நின்றது. கண்ணாடி வழியாக ரெஜினாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்புறம் அழிச்சிடணும்."

"அழிச்சிடறேனுங்க."

படம் வந்தது.

பின்னறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்தாள். அன்று விசாரிக்க வந்த பெண் எஸ்.ஐ.யின் எண் இன்னும் இருந்தது. படத்தை அனுப்பினாள். கீழே எழுதினாள்: கோகிலவாணி. அன்னிக்கு நான் போட்ட கலர். வீட்டில எடுத்த படம். எடுத்த ஆள் இங்க இருக்கான். கடையின் பெயரையும் தெருவையும் சேர்த்தாள்.

கிண்ணத்தில் சாயத்தைப் பிதுக்கினாள். நீலம் அதிகம் விழுந்தது. கொட்டிவிட்டு மறுபடி கலந்தாள்.

பதில் வந்தது.

போக விடாதீங்க. வர்றோம்.

அவள் திரும்பி வந்தபோது அவன் ஒரு நாற்காலியை இழுத்து மனைவிக்குப் பின்னாலேயே போட்டு உட்கார்ந்திருந்தான்.

ரெஜினா சீப்பை எடுத்தாள். தலையைத் தொடும் முன்பே சிந்துஜாவின் தோள்கள் ஒடுங்கின.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"இந்தக் கலருக்கு நேரம் பிடிக்குங்க."

முதல் கற்றை. இரண்டாவது. முடியை நூல்நூலாகப் பிரித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் யாருக்கும் இவ்வளவு மெல்லப் போட்டதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிரஷ் நின்றது. எதுவும் இங்கே நிற்கவில்லை.

அவன் போன் அடித்தது. எண்ணைப் பார்த்து முகம் சுளித்தான். எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்றான். அங்கிருந்தும் உள்ளேதான் பார்வை.

சிந்துஜா தலையை அசைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா. மெதுவாவே போடுங்க."

ரெஜினா அடுத்த கற்றையைப் பிரித்தாள்.

வெளியே அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கதவின் கைப்பிடியில் கை வைத்தான்.