பீச்சாங்கை

முழங்கை வரைக்கும் ஷியா கொட்டை அரைத்த மாவில் கிடக்கிறது என் கை. வெண்ணெய் திரளும்வரை அடிப்பதை நிறுத்தக் கூடாது. அடித்துக்கொண்டே ரபியா அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"அக்கா, இன்னிக்கு ஆஸ்பத்திரியில சண்டை போட்டுட்டேன்."

"யாரு, நீயா? விருந்தாளி வந்தா கதவுக்குப் பின்னால ஒளியிறவ, நீயா?"

"என் மகன் வுன்பினிக்கு மூணு நாளாக் காய்ச்சல். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துட்டாரு. என் முந்தானை முடிச்சுல இருந்த காசு எட்டு சீடிதான்."

மருந்து ஜன்னலில், மருந்து எடுத்துக் கொடுக்கும் லாரிபா இருந்தாள். அவளுக்குப் பின்னால் மருந்தறை அதிகாரி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

"இருபது சீடி," என்றாள் லாரிபா. சொல்லிவிட்டு இடது கையை நீட்டினாள்.

இடது கை! எங்கள் ஊரில் கோழிக்குத் தீனி போடுவதற்குக்கூட அந்தக் கையை நீட்ட மாட்டோம்.

வரிசையே கொதித்தது.

"பீச்சாங்கையை நீட்டுறா பாரு! சம்பளம் வாங்குறப்பவும் இதைத்தான் நீட்டுவாளோ?"

"பெத்தவங்க வளர்த்த லட்சணம்!"

லாரிபா அசையவில்லை. இடது கை நீட்டியபடியே இருந்தது.

என் தோளில் பிள்ளை அனலாகக் கொதித்தான். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ.

"நான் ஏழைதாங்க. ஆனா மரியாதை கெட்டவ இல்ல. வலது கையை நீட்டுங்க."

"எனக்கு எந்தக் கை இஷ்டமோ அந்தக் கை. உனக்குக் கண்ணு இருக்கா, இல்லையா?"

"இருக்கு! உங்க வலது கைக்கு என்ன கேடு வந்துச்சுன்னு பார்க்கிறேன்!"

குனிந்து பார்த்தேன். பிறகு கத்தினேன்.

"ஆறு சீடி! அரசாங்கம் போட்ட விலை ஆறு! அதுக்கு மேல ஒரு காசு தர மாட்டேன். மருந்து வாங்காம இந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டேன்!"

"அப்ப என் மருந்துக்கு எவ்வளவு?" என்று வரிசை முண்டியடித்தது. அதிகாரி எழுந்து வந்தார்.

"இவளுக்கு யாரு சொன்னது?"

"நாலு எழுத்துப் படிச்ச திமிரு சார்," என்று என்னை முறைத்தாள் லாரிபா. "ஆறைக் கொடுத்துட்டுத் தொலைடி!"

கையில் மருந்தோடுதான் வீடு வந்தேன்.

ரபியா அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "நாலாம் வகுப்போட நின்னவ நீ. அந்த விலைப் பட்டியல் முழுக்க இங்கிலீசு. உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

"எழுத்து வராது, எண்ணு வரும் அக்கா. அந்தப் பட்டியலை ஜன்னல் பலகையில நம்ம பக்கமா ஒட்டியிருக்காங்கல்ல? லாரிபாவோட வலது கை கம்பிக்கு அடியால வெளிய வந்து, அதுல ஆறுன்னு போட்டிருந்த ஒரு வரி மேல இருந்துச்சு. நகம் வெளுக்க ஒரு விரலை அழுத்திக்கிட்டு இருந்தா. பின்னால உட்கார்ந்துக்கிட்டு அதிகமா வாங்கச் சொல்றவருக்கு அது தெரியாது."

அக்காவின் முகம் சுருங்கியது.

"போன வாரம் முப்பது சீடி கொடுத்துட்டு, அவ முன்னாடியே காறித் துப்பிட்டு வந்தேன்டி."

"வலது கையைப் பார்க்கலையா?"

"பீச்சாங்கையைத்தானே பார்த்தேன்."

"நாளைக்கு என்கூட வா அக்கா. வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தி காதுலயும் போடுவோம். திட்டுறதை நிறுத்தாதீங்க, அவருக்குச் சந்தேகம் வந்துடும். ஆனா திட்டிக்கிட்டே அவளோட அந்த வலது கையை..."

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மாமியார் என்னைக் கூப்பிட்டாள்.

"சானத்து! பிள்ளைக்கு வேர்த்திருக்கு, கஞ்சி கேட்டு அழுறான், ஓடி வா!"