ஆக்சிலேட்டருக்கு அடியில்

பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய அந்தக் காரை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்காகத் தெய்வானை மறுபடி உயிர்ப்பித்திருந்தாள். அன்று பந்தயத்தில் ஓட்டியவளும் அவள்தான். எடை குறைக்கக் கழற்றி வீசிய வைப்பர், ஹாரன், பக்கத்து சீட் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. மெக்கானிக் நாச்சிமுத்து நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டி முடித்ததும், அவள் இன்ஜினைக் கிளப்பினாள்.

"மெதுவா முன்னாடி எடும்மா," என்றான் மகன் பிரபாகர்.

ஆக்சிலேட்டரை மிதித்தாள். பாதியிலேயே முட்டி நின்றது. குனிந்து துழாவினாள். அடியில் ஒரு மரக்கட்டையைத் திருகி வைத்திருந்தார்கள்.

"தம்பிதானுங்க வெக்கச் சொன்னாப்ல," என்றார் நாச்சிமுத்து, சூடத்தைப் பார்த்தபடி.

"உன் வயசுக்கு அந்த வேகம் போதும்மா."

தெய்வானை திருப்புளி வாங்கிக் கட்டையைக் கழற்றினாள். அதைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டாள். பிறகு கியரைப் போட்டாள். கிளட்சைச் சட்டென்று விட்ட கால் பிரேக்குக்குத் தாவியது; மற்ற கால் ஆக்சிலேட்டரை அடிவரை அமுக்கியது. கார் நகரவில்லை. பின் சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்று, தங்கள் பழங்களைச் சிதறடித்தன. கருகிய ரப்பரும் எலுமிச்சையும் கலந்த வாசனை தெருவெல்லாம் பரவியது.

புகை விலகியபோது, பிரபாகர் கேட்டைச் சாத்திக் குறுக்கே நின்றிருந்தான்.

தெய்வானை கண்ணாடியை இறக்கினாள்.

"முன்னாடி ரெண்டு பழம் இன்னும் நசுங்காம இருக்குது கண்ணு. கேட்டத் தொற."