ஒரே ஒரு கட்டில்

ஜெபத்தின் நடுவில் கிருபா கண்ணைத் திறந்துவிட்டாள்.

நாற்றம்தான் திறக்க வைத்தது.

அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டு. சபையின் பெண்கள் ஐக்கியத்தார் மாதாமாதம் வந்து நோயாளிகளுக்காக ஜெபிப்பார்கள். இப்போது ஒரு கட்டிலைச் சுற்றி வெள்ளைச் சேலைகள். பாஸ்டரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி உரக்க மன்றாடிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்தவளின் விரிப்பு நனைந்து மஞ்சள் பூத்திருந்தது. துணைக்கு ஆள் இல்லை.

அந்த முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் தெரிந்தது.

ரோஸ்லெட்.

பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவள். பிறகு இவளுடைய புருஷனோடு ஊரை விட்டே போனவள். அவர் செத்ததும் அவள் வீட்டில்தான். முகம் பார்க்கக்கூட இவள் போகவில்லை.

‘அவளை மன்னித்துவிட்டேன்’ என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னதுண்டு. கேட்டவர்கள் அழுதார்கள்.

அன்று ரோஸ்லெட் வெகு தூரத்தில் இருந்தாள்.

“ஆமென்.”

கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது.

“கிருபாக்கா, வாங்க. இன்னும் எத்தனை பேருக்கு ஜெபிக்கணும்!” என்றார் பாஸ்டரம்மா.

போனாள். பாட்டு தொடங்கியது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பின்னாலிருந்து ஈனக் குரல் கேட்டது. “சிஸ்டர்... சிஸ்டர்...”

ரோஸ்லெட் நர்ஸைக் கூப்பிடுகிறாள். யாரும் வரவில்லை.

“காலையிலருந்து இப்படித்தான் கூப்பிட்டுக்கிட்டு கெடக்கு, பாவம்” என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

கிருபா பாட்டுப் புத்தகத்தை மூடிப் பாஸ்டரம்மாவிடம் நீட்டினாள்.

“நீங்க பாடுங்க. எனக்கு இந்த ஒரு கட்டில் போதும்.”

வராந்தாக் குழாயில் வாளியை நிறைத்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நெஞ்சுக்குள் பழைய கோபம் அப்படியேதான் இருந்தது. அது தணியட்டும் என்று காத்து நிற்க முடியாது. விரிப்பு நனைந்து கிடக்கிறது.

அதை உருவும்போது ரோஸ்லெட் கண் விழித்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா... நீங்களா...”

முகத்தை மறைக்க, மெல்லப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எலும்பு துருத்திய தோள் குலுங்கியது.

கிருபா துணியை முக்கிப் பிழிந்தாள்.

“அப்படியே இரு. முதுகைத் துடைக்கணும்.”