என்ஜினுக்குள் தண்ணீர்

“மழை பெஞ்சு எட்டு மாசம் ஆச்சு. என் கார் என்ஜினுக்குள்ள தண்ணி எப்படிலே வரும்?”

தங்கப்பாண்டியன் போட்ட சத்தத்தில், காலிக்குடங்களோடு வாசலில் கூடியிருந்த பெண்கள் சற்றுப் பின்னால் நகர்ந்தார்கள்.

மெக்கானிக் இசக்கிமுருகன் போர்டிகோவில் நின்ற காரின் பானெட்டுக்குள் குனிந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீட்டினான்.

“நீங்களே பாருங்க அண்ணாச்சி. துருப்பிடிச்சுப் போயிருக்கு. பிளக் உக்காருத குழியில தண்ணி நிக்குது. ஒரு நாள் விழுந்தது இல்ல, அடிக்கடி விழுந்திருக்கு.”

தங்கப்பாண்டியனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாமல் என்ன செய்யும்? இன்னும் கொஞ்ச நேரத்தில் மெயின் ரோட்டில் மறியல். மூன்று வாரமாகத் தெருவில் எந்த வீட்டுக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோவில்பட்டியில் அந்தத் தெருவையே திரட்டி, மைக் செட் கட்டி, மறியலுக்கு நாள் குறித்தது தெருவின் முதல் வீட்டுக்காரரான அவர்தான். வரப்போகிற வார்டு எலெக்‌ஷனில் நிற்கிற ஆசை அவருக்கு இருந்தது ஊரறிந்த ரகசியம். முன்னால் கார், பின்னால் குடங்கள். இதுதான் திட்டம். ஆனால் கார் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்துவிட்டது.

“காலையில எந்திரிச்சுப் பாத்தா பானெட்டெல்லாம் ஈரம். இது மூணாவது தடவை. வேணும்னே ஒருத்தி தண்ணி ஊத்துதா!”

அவர் பார்வை கூட்டத்தில் தேடிப் பிடித்தது முப்பிடாதியை.

போன மாதம் அவளுடைய முட்டையிடும் கோழி அந்தக் காரில் அடிபட்டுச் செத்தது. முப்பிடாதி தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி வைதாள். அதை அவரும் மறக்கவில்லை, தெருவும் மறக்கவில்லை.

“ஏட்டி முப்பிடாதி, தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு விடியுமுன்ன என் வாசலைத் தாண்டித்தானே போற? கேட்டை ஒட்டித்தானே கார் நிக்குது? கோழிக்குப் பழி வாங்குதியோ?”

“என்னையா சொல்லுதீங்க?” முப்பிடாதி இடுப்பிலிருந்த குடத்தை ணங்கென்று தரையில் வைத்தாள். “குடிக்கத் தண்ணி இல்லாம பக்கத்துத் தெருவுல கெஞ்சிக்கிட்டு நிக்கேன். பிள்ளைய குளிப்பாட்டி எத்தனை நாளாச்சு தெரியுமா? என் கையில ஒரு செம்புத் தண்ணி கிடைச்சா, அதை உங்க காருக்கா ஊத்துவேன்? நான் குடிப்பேன்!”

“வாயப் பாரு! உங்க ஆபீஸ் முதலாளி யாரு தெரியும்லா? எங்க மச்சான். ஒரு போன் போட்டேன்னா நாளையில இருந்து உனக்கு வேலை கிடையாது. மரியாதையா எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு.”

முப்பிடாதிக்கு முகம் செத்துப்போனது. அந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலைச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனாலும் தலை குனியவில்லை.

“செய்யாத தப்புக்கு மன்னிப்பா? போடுங்க போனை!”

அவர் மனைவி சுதாராணி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “விடுங்களேன். காலங்காத்தால எதுக்கு வம்பு? பேசாம பிளக்கை மாத்திட்டுக் கிளம்புங்க.”

“நீ சும்மா கிட. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துருதேன்.”

போனை அவர் எடுத்த நேரம் பார்த்து, அது கையிலேயே அடித்தது. நகராட்சியில் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவர் பேசினார். எல்லோரும் கேட்கட்டும் என்று தங்கப்பாண்டியன் ஸ்பீக்கரில் போட்டார்.

“அண்ணாச்சி, மறியலெல்லாம் வேண்டாம். உங்க தெரு வால்வைத் திறந்து கால் மணி நேரம் ஆச்சு. போய்ப் பிடிக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு தத்தம் வீட்டுக் குழாய்க்கு ஓடினார்கள். சுதாராணியும் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள்.

“ஓடாதீங்க! திறந்துட்டேன் திறந்துட்டேன்னு இவன் சொல்லுதது புதுசா? காத்துதான் வரும், நான் சொல்லுதேன்!” என்று முதுகுக்குப் பின்னால் கத்தினார் தங்கப்பாண்டியன்.

அவர் சொன்னபடிதான் ஆனது. ஒவ்வொருத்தியாகக் காலிக்குடத்தோடு திரும்பி வந்தாள்.

“ஆமா அண்ணாச்சி, வெறும் காத்துதான்” என்றாள் பூங்கொடி. “அதுவும் வெளிய வரல. குழாயில கைய வச்சா உள்ள இழுக்குது.”

“பாத்தீங்களா? நான் சொன்னா கேட்டாத்தானே! காரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நடந்தே போயி ரோட்டுல உக்காருவோம். ஆனா அதுக்கு முன்ன இவ மன்னிப்பு...”

சொட்.

இசக்கிமுருகனின் பிடரியில் ஏதோ விழுந்தது. துடைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். போர்டிகோவின் கூரை விரிசலில் இருந்து இன்னொரு சொட்டு, அடுத்து இன்னொன்று, பிறகு நூல் பிடித்த மாதிரி தண்ணீர், நேராகத் திறந்திருந்த என்ஜினுக்குள் இறங்கியது. அதற்கும் மேலே மொட்டை மாடி டேங்க் நிரம்பித் தளதளவென்று வழிந்துகொண்டிருந்தது. தங்கப்பாண்டியன் வாயை மூடியதால், வீட்டுக்குப் பின்னால் மோட்டார் உறுமுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

உள்ளேயிருந்து சுதாராணி அலறினாள். “என்னங்க! தெருக் குழாய்ல தண்ணி வந்ததும் மோட்டார் தானா ஓடிருச்சு! சுவிட்ச்ச அமத்துனா நிக்க மாட்டேங்குது!”

முப்பிடாதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் திறந்தாள். மற்ற குடங்களும் அவள் பின்னாலேயே உள்ளே நுழைந்தன. அன்றைக்கு மறியல் மெயின் ரோடு வரைக்கும் போகவில்லை.