கோணல் ஓரம்

துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பவளை அந்தத் தெருவில் எல்லாரும் போர்வைக்காரி என்றே கூப்பிடுவார்கள். இந்தப் புது வருஷத்திலாவது மனசுப்படி ஒரு பறவைக் கூட்டத்தைப் போர்வையில் தைத்துக் கண்காட்சிக்கு அனுப்பிவிட வேண்டும் என்று துடித்தாள். தைக்க விட்டால்தானே! எதிர்வீட்டு அக்கா தன் போர்வையோடு நாலாவது தடவையாக வந்து நின்றாள்.

“ஓரம் கோணலா இருக்கும்மா. பிரிச்சுத் தைச்சுடு.”

“போன வாரம் கலர் சரியில்லன்னீங்க. அதுக்கு முன்னாடி பூ பெருசுன்னீங்க!”

“கண்ணுல பட்டதைச் சொல்றேன்.”

போர்வைக்காரி அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஓரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கக்கா கோணல்? காட்டுங்க! என் வேலைல அப்படி என்னதான் குறை?”

அக்கா ஜன்னல் வழியாகத் தன் வீட்டை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உன் வேலைல ஒரு குறையும் இல்லம்மா. அவர் ரிட்டயர் ஆனதுலேர்ந்து வீட்டோட இருக்கார். சாப்பாட்டுல உப்பு, காபியில சூடு, கதவைச் சாத்துற சத்தம்னு நாள் முழுக்க என்னைக் குறை சொல்றார். திருப்பிச் சொல்ல முடியுமா? நான் குறை சொல்றதுக்கு உன்னை விட்டா யாரும்மா இருக்கா?”