கொடியில் ஒரு சாரம்

"ஆரின்ர சாரம் இது?"

மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் பெனடிக்ற் கேட்ட முதல் கேள்வி அதுதான். பதினேழாம் இலக்க வீட்டு முற்றத்தில், கொடியில் ஆண்கள் உடுக்கும் ஈரச் சாரம் ஒன்றை விரித்துக்கொண்டிருந்த சிவலட்சுமி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அபூசாலி நானாவின்ர, சேர். இந்த வீட்டுச் சொந்தக்காரர்."

"ஆள் எங்கை?"

"கடைக்குப் போட்டார்."

"மனுசி?"

"அவவும்தான்."

பொய். முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

பெனடிக்றுக்கு வீட்டுத்திட்டக் கந்தோரில் உத்தியோகம். நறுவிலிக்குளத்துக்குக் கிட்ட, மீள்குடியேறியவர்களுக்கென்று கட்டிய நாற்பது வீடுகளும் அவன் பொறுப்பு. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க இப்போது படலை படலையாக ஏறி இறங்கத் தேவையில்லை. மாதம் ஒருமுறை ட்ரோன் பறந்து படம் எடுக்கும். கந்தோர்க் கம்பியூட்டரின் செயற்கை நுண்ணறிவு அந்தப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். கொடியில் துணி, கூட்டிய முற்றம், வெளியடுப்பில் சாம்பல் இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. தொடர்ந்து மூன்று தரம் சிவப்பு விழுந்தால், வீடு காத்திருப்போர் பட்டியலில் முதலாவது ஆளுக்கு.

பதினேழாம் இலக்கத்துக்கு முதலில் இரண்டு சிவப்பு. பிறகு நாலு மாதமாகப் பச்சை.

ஆனால் நேற்று ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. 'பதினெட்டாம் இலக்கச் சிவலட்சுமி இரண்டு வீட்டுக்கு ராணி. உங்கள் கம்பியூட்டருக்குக் கண் பார்வை குறைவோ?'

பெனடிக்ற் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். பக்கத்து வளவில் சிவலட்சுமியின் வீடு. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டில். வாசலில் அவளின் மகள் தனுசியா, மடியில் கிடந்த பிள்ளைக்கு மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொன்று அவளின் முதுகில் தொங்கியது.

விசயம் விளங்கிவிட்டது. மகளுக்கு இடம் பிடிக்கிறாள்.

"திறப்பு உங்களிட்டையோ?"

"என்னட்டைத்தான்."

"திறவுங்கோ."

உள்ளே தனுசியாவின் தட்டுமுட்டுச் சாமான்கள் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு போனான். ஒன்றும் இல்லை. சுருட்டிய பாய். கவிழ்த்து வைத்த சட்டிகள். தரையெல்லாம் தூசி. தூசியில் ஒரே ஒரு காலடிப் பாதை. வாசலில் இருந்து அலுமாரிக்குப் போய்த் திரும்பியிருந்தது.

"உடுக்காத உடுப்பை எடுத்துத் தோய்ச்சுக் காயப் போடுறியளோ?"

சிவலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நானாவின்ர மனுசி ஹவ்வா உம்மாவுக்குப் புற்றுநோய், சேர். கொழும்பில மருந்து ஏத்துறாங்கள். நானா பக்கத்தில நிக்கிறார். கந்தோருக்குக் கடிதம் குடுத்திட்டுத்தான் போனவர்."

"பதில் வந்ததோ?"

"வந்தது. 'படத்தில் ஆட்கள் இல்லை' எண்டு."

பெனடிக்ற் தொண்டையைச் செருமினான். அந்தப் பதிலில் இருந்த கையெழுத்து அவனுடையது.

"அதுக்குப் பிறகுதான் நான் முத்தம் கூட்டினனான். ரண்டு சுள்ளியைப் போட்டு அடுப்பையும் மூட்டுறனான். உங்கட மிசின் கடிதம் வாசிக்காதாம். சாரம் கண்டால் நம்புமாம்."

"பகிடி விடாதேங்கோ அம்மா. இது கள்ளம். எத்தினை சனம் தகரத்துக்குக் கீழ வேகுது தெரியுமோ?"

"தெரியும் சேர்."

"அதுகளுக்குப் போற வீட்டை நீங்கள் மறிச்சு வைச்சிருக்கிறியள்."

"ஓம்."

அந்த 'ஓம்' அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"இரக்கமெண்டால் உங்கட வீட்டைக் குடுங்கோ. அடுத்தவன்ர வீட்டில இரக்கம் காட்டுறது லேசு!"

அவள் தலை குனிந்தாள்.

"தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை ஊரைவிட்டுக் கலைக்கேக்க ஒரு பையோட வெளிக்கிட்ட சனம், சேர். முப்பது வருசம் கழிச்சு வந்து இப்பதான் ஒரு கதவைப் பூட்டித் திறந்ததுகள். இன்னொருக்கா எழுப்பாதேங்கோ. காத்திருக்கிறவை கொஞ்சம் பொறுப்பினம்."

"அதைச் சொல்ல நீங்கள் ஆர்?"

வேலிக்கு அப்பால் பிள்ளை சிணுங்கியது.

பெனடிக்ற் முற்றத்துக்கு வந்து கைக்கணினியைத் திறந்தான். பதினேழின் நாலு மாதப் பச்சையையும் சிவப்பாக்கினான். உடனே திரை கேட்டது: 'வீட்டைப் பட்டியலில் முதலாவது ஆளுக்கு மாற்றவா?' கீழே அந்த ஆளின் விபரம்.

வாசித்தான். நம்பாமல் இன்னொருமுறை வாசித்தான். கொடியில் ஆடிய சாரத்தைப் பார்த்தான். சிவலட்சுமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

'இல்லை' என்பதை அழுத்தினான். பதினேழு திரும்பவும் பச்சையானது.

"சாரம் மட்டும் போதாது அம்மா," என்றான் நிலத்தைப் பார்த்தபடி. "ஹவ்வா உம்மாவின்ர உடுப்பும் ரண்டு போடுங்கோ."

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகும் திரையில் அந்த விபரம் அணையாமல் நின்றது.

'காத்திருப்போர் இலக்கம் ஒன்று: தனுசியா. இரண்டு பிள்ளைகள். தகரக் கொட்டில். தாயின் பெயர்: சிவலட்சுமி.'