இருளாயியின் புகைப் பங்கு

ஏழையானாலும் பணக்காரரானாலும் ஆளுக்கு மாதம் ஒரே அளவு புகைதான் விடலாம் என்று சட்டம் வந்தபோது, கல்லுடைக்கும் வீரணன் சந்தோஷப்பட்டவன்தான்.

அவன் மனைவி இருளாயி இரண்டு வருஷமாக அடுப்பு மூட்டாமல், ஊறவைத்த அவலைத் தின்றே தன் பங்கை மிச்சம் பிடித்தாள். "என்னையப் புதைச்சிராதய்யா, எரிச்சிரு. அதுக்குத்தான் சேக்குறேன்" என்பாள். போன வாரம் காய்ச்சலில் கிடந்தவள், "ஒரு வாய் சூடா கஞ்சி குடுய்யா" என்று கேட்டாள். வீரணனின் பங்கு அந்த மாதத்துக்குத் தீர்ந்திருந்தது. "சேத்ததைக் கரைக்காதடி. ஒண்ணாந்தேதி என் பங்கு வந்துரும், பொறுத்துக்க" என்றான்.

ஒன்றாம் தேதி விடியும்போது அவள் இல்லை.

புகை அலுவலகத்துப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "பெரியவரே, மூச்சு நின்னா பங்கும் நின்னுரும். மிச்சமெல்லாம் பொதுவுல சேந்துரும்."

"அவ வாயக் கட்டிச் சேத்தது தாயி."

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். மந்திரி செத்தாலும் இதேதான்."

"மந்திரி அவலத் தின்னா சேத்தாரு?"

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். "உங்க பங்கு இன்னைக்கு ஏறிருக்கு. ஆனா சிதைக்குக் காணாது" என்றாள்.

வீரணன் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினான். "பொணத்தைக் குளிப்பாட்டப் பச்சத்தண்ணி போதும்ண்ணே, மாசச் சோத்துக்கு என்ன செய்வ?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவன் காதில் வாங்கவில்லை. குழி வெட்டப் போனவர்கள் திரும்புவதற்குள் ஓர் அண்டா வெந்நீர் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, அவள் காலிலிருந்து மெல்ல ஊற்றினான்.

"சூடு போதுமாடி?" என்றான்.